கரைசேர்ப்பவரும் கரைசேர்க்கப்படுபவளும்: ஈழத்து முற்போக்கு இலக்கியத்திற் பெண்ணுழைப்பு – ஒரு மறுநோக்கு

1. பிரச்சினை

ஈழத்துத் தமிழிலக்கிய வரலாற்றில் முற்போக்கு இயக்கம் ஆற்றிய பணி மறுக்கமுடியாதது. 1954ஆம் ஆண்டு இலங்கை முற்போக்கு எழுத்தாளர் சங்கம் தோன்றியதைத் தொடர்ந்த இரு தசாப்தங்களில், அதுவரை இலக்கியத்தின் வாயிலுக்கு வெளியே நிறுத்தப்பட்டிருந்த மக்கள் அதனுள்ளே பிரவேசித்தனர். கே. டானியல், டொமினிக் ஜீவா போன்றோரின் எழுத்துகளிலே சாதியொடுக்குமுறைக்கு உள்ளான மனிதர் தமது குரலிற் பேசினர். பேராசிரியர்கள் க. கைலாசபதியும் கா. சிவத்தம்பியும் இலக்கியத்தைச் சமூக அடித்தளத்தோடு இணைத்துநோக்கும் விமர்சன முறையைப் பல்கலைக்கழகத்தினுள்ளும் வெளியிலும் நிலைநாட்டினர். இன்று நாம் கையாளும் விமர்சனக் கலைச்சொற்களுட் பெரும்பாலானவை அவர்கள் வழிவந்தவையே.

எனினும், அந்த மரபின் உள்ளே நின்று எழுப்பவேண்டிய வினா ஒன்றுண்டு. உழைப்பவனின் உழைப்பைக் கண்ட இவ்விலக்கியம், உழைப்பவளின் உழைப்பைக் கண்டதா? பெண் இவ்விலக்கியத்தில் இடம்பெறவில்லை என்று எவரும் கூறமுடியாது. சீதனக் கொடுமை முற்போக்குச் சிறுகதையின் மிகப் பழகிய பொருள்களுள் ஒன்று. ஆனால், அக்கதைகளிலே பெண் எந்த நிலையிலிருந்து நோக்கப்படுகிறாள் என்பதே இங்கு ஆராயப்படுவது. பெண்ணின் பிரச்சினை சீதனப் பிரச்சினையாகச் சுருக்கப்பட்டது. சீதனப் பிரச்சினை தந்தையின் பிரச்சினையாகச் சொல்லப்பட்டது. இதனாற் பெண்ணின் உழைப்பும் உடைமையும் விமர்சனத்தின் பார்வைக்குள் வராமற் போயின என்பதே இக்கட்டுரையின் வாதம். இது மாக்சிய விமர்சனத்தை நிராகரிக்கும் வாதமன்று. அவ்விமர்சனம் தனது முறையியலைத் தன் வீட்டினுள்ளும் பிரயோகிக்க வேண்டும் என்னும் வாதமாகும்.

2. சீதனத்தின் சட்டமும் சரித்திரமும்

யாழ்ப்பாணத்துப் பேச்சுவழக்கிலே 'குமரைக் கரைசேர்த்தல்' என்றொரு தொடர் உண்டு. திருமணமாகாத மகளுக்குத் திருமணம் செய்துவைத்தலை அது குறிக்கும். இத்தொடரின் இலக்கணத்தைச் சற்று நோக்குதல் தகும். கரைசேர்ப்பவர் எழுவாய், குமர் செயப்படுபொருள். கடலிலே தத்தளிப்பவர் தந்தை. குமர் அவரது படகிலுள்ள பாரம். ஒரு சமூகத்தின் கருத்துநிலை அதன் அன்றாடத் தொடரொன்றிலே இவ்வளவு தெளிவாக வெளிப்படுவது அரிது.

இக்கருத்துநிலைக்கு ஒரு சட்ட அடித்தளமும் உண்டு. ஒல்லாந்தர் ஆட்சியிலே கிளாஸ் ஐசாக்ஸ் என்னும் அதிகாரியால் 1707ஆம் ஆண்டளவிற் தொகுக்கப்பட்டு, ஆங்கிலேயரால் 1806இற் சட்டவலு அளிக்கப்பட்ட தேசவழமை, முதுசம், சீதனம், தேடியதேட்டம் எனச் சொத்தை வகைப்படுத்தியது. சீதனம் பெண்ணின் சொத்து. ஆதலால் வடபகுதித் தமிழ்ப் பெண் சொத்துரிமை உடையவள் என்று பெருமிதம் கொள்வோர் உளர். அப்பெருமிதத்திற்கு ஓரளவு ஆதாரமும் உண்டு. ஆனால், 1911ஆம் ஆண்டின் 1ஆம் இலக்க யாழ்ப்பாண விவாக உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச்சட்டம், மணமான பெண் தனது அசையாச் சொத்தைக் கைமாற்றுவதற்குக் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும் என விதித்தது. சம்மதம் நியாயமின்றி மறுக்கப்படுமாயின் அவள் நீதிமன்றத்தை நாடலாம். நாடினால் அன்றி அவளது கையொப்பம் தனித்துச் செல்லாது. 1923ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம் பொதுச்சட்டத்தின் கீழ் வரும் மணமான பெண்களை இத்தகைய கட்டிலிருந்து விடுவித்தபோதும், தேசவழமைக்கு உட்பட்ட பெண்களுக்கு அவ்விடுதலை கிட்டவில்லை. நூறாண்டுக்கு மேலாக நீடித்த இவ்வேற்றுமை, சீதனத்தின் உண்மையான இயல்பைக் காட்டுகிறது. பெண் சொத்தின் உரிமையாளர் எனப் பெயர் பெற்றாள். நடைமுறையில் ஒரு குடும்பத்திலிருந்து இன்னொரு குடும்பத்துக்கு அச்சொத்தைச் சுமந்து செல்பவளாயினாள்.

குடியேற்றவாத காலத்திலே இச்சுமையின் தன்மை மாறியது. ஆங்கிலக் கல்வியும் அரசாங்க உத்தியோகமும் யாழ்ப்பாணத்து நடுத்தர வர்க்கத்தின் பிரதான வருவாய் வழிகளானபோது, உத்தியோகம் பார்க்கும் மாப்பிள்ளைக்கு ஒரு சந்தை தோன்றிற்று. காணியும் நகையும் போதாவாயின. மாப்பிள்ளை வீட்டாருக்கு ரொக்கம் கொடுக்கும் வழக்கம் வலுப்பெற்றது. பெண்ணின் பெயரில் எழுதப்படும் சீதனத்தைப் போலன்றி, இந்த ரொக்கத்திற் பெண்ணுக்குப் பெயரளவிலான உரிமைகூட இல்லை. அதுகொண்டே மாப்பிள்ளையின் சகோதரி கரைசேர்க்கப்படுவாள். இவ்வாறு ஒரு பெண்ணின் பெயரால் திரட்டப்பட்ட பணம், எந்தப் பெண்ணின் கையிலும் தங்காது, குடும்பத் தலைவர்களிடையே சுழன்றது.

இதே காலத்து நடுத்தர வர்க்கத் தலைமையின் முரண்பாட்டுக்கு ஓர் உதாரணம் போதும். 1913இல் மருதனார்மடத்திற் பெண்களுக்கென ஒரு கல்லூரியை நிறுவிய சேர். பொன்னம்பலம் இராமநாதன், 1920களின் இறுதியில் டொனமூர் ஆணைக்குழு வந்தபோது பெண்களுக்கு வாக்குரிமை அளிப்பதை எதிர்த்தார். இதனை ஒரு தனிமனிதரின் முரண்பாடாக மாத்திரம் கொள்ளலாகாது. பெண்கல்வியை விரும்பிய அவ்வர்க்கம், கற்ற மனைவியையே விரும்பிற்று. கற்ற பிரசையை அன்று. 1927இற் பெண்கள் வாக்குரிமைச் சங்கம் அமைத்துப் போராடியோரின் முயற்சியும் சேர, 1931இல் இலங்கைப் பெண்கள் ஆண்களோடு சமமாக வாக்குரிமை பெற்றனர். ஆயினும் 2024 நவம்பர்ப் பொதுத்தேர்தலிற் பாராளுமன்றத்துக்குத் தெரிவான 225 பேருட் பெண்கள் மிகச் சிலரே. அதுவரையிலான வரலாற்றிலே அதுவே மிகக்கூடிய தொகை என்பது, வாக்குக்கும் அதிகாரத்துக்கும் இடையிலான தூரத்தைப் புலப்படுத்தும்.

3. கதைகளில் எழுவாய் யார்?

முற்போக்குச் சிறுகதைகளிற் சீதனம் இடம்பெறும் முறைமைக்கு ஒரு வாய்பாடு உண்டு. ஓய்வுபெற்ற அல்லது ஓய்வுபெறவிருக்கும் தந்தை, வீட்டில் இரண்டு மூன்று குமர், ஈடுவைக்கப்பட்ட காணி, வந்துபோகும் தரகர், இறுதியிலே தந்தையின் உடைவு அல்லது தமையனின் தியாகம். மகள் கதவு நிலையிற் சாய்ந்து நிற்பாள். அவள் கண்ணீர் கதையை முடித்துவைக்கும், கதையைத் தொடக்கிவைக்காது. தந்தையின் கடன்சுமை பொருளியற் பிரச்சினையாகத் துல்லியமாக ஆராயப்படும். ஆனால், மூன்று குமரும் தாயும் அவ்வீட்டிலே விடியலிலிருந்து இரவுவரை செய்யும் வேலை எவராலும் கணக்கிடப்படுவதில்லை. கிணற்றில் நீர் அள்ளுவதும், நெல் குற்றுவதும், மாடு பார்ப்பதும், நோயாளியைப் பராமரிப்பதும் கதைக்குப் பின்னணிச் சித்திரமாகும், கதைப்பொருள் ஆவதில்லை. உழைக்காத ஒருத்தியை வைத்துக் காப்பதன் சுமையாகவே குமர் சித்திரிக்கப்படுகிறாள். இது உண்மைக்கு நேர்மாறானது.

இதற்கு முன்னரும் ஒரு மரபு உண்டு என்பதை நாம் மறத்தலாகாது. 1914இல் வெளிவந்த மங்களநாயகம் தம்பையாவின் 'நொறுங்குண்ட இருதயம்', ஈழத்துப் பெண்ணொருத்தி எழுதிய முதல் நாவல் எனப் போற்றப்படுவது. கிறித்தவப் பொறுமையை அது போதிக்கிறது என்பது மெய். ஆனால், மணவாழ்வின் துன்பம் அங்கே மணமான பெண்ணின் துன்பமாகவே சொல்லப்படுகிறது. தகப்பனின் துன்பமாக அன்று. 1923இல் மங்களம்மாள் மாசிலாமணி தொடக்கிய 'தமிழ் மகள்' இதழும் பெண்களைப் பேசுவோராகவே முன்னிறுத்தியது. முற்போக்கு விமர்சனம் தனது முன்னோரைத் தேடியபோது இப்பெண்களை 'சமயப் பிரசாரம்', 'சீர்திருத்தவாதம்' என்னும் தலைப்புகளின் கீழ் அடக்கிக் கடந்துசென்றது. சீர்திருத்தவாதம் என்ற கணிப்பு பிழையன்று. ஆனால், அவர்கள் எந்த இடத்திலிருந்து பேசினர் என்ற வினா கேட்கப்படவில்லை.

'சடங்கு' என்னும் ஒரே தலைப்பைக் கொண்ட இரு நாவல்களை ஒப்பிடுவது இங்கு பயனளிக்கும். செ. கணேசலிங்கனின் 'சடங்கு' (1966) யாழ்ப்பாண நடுத்தர வர்க்கத்தின் திருமணத்தை உடைமையும் அந்தஸ்தும் சார்ந்த ஓர் ஒப்பந்தமாக அம்பலப்படுத்துவது. அதன் சமூக நோக்குத் தெளிவானது. முற்போக்கு விமர்சனம் அதனை வரவேற்றதும் நியாயமானது. எஸ். பொன்னுத்துரையின் 'சடங்கு' (1971) கொழும்பில் வேலைபார்க்கும் எழுதுவினைஞன் ஒருவன், மனைவியோடு கூடியிருக்கும் ஆவலுடன் ஊருக்கு வந்து, அது கைகூடாது திரும்புவதைச் சொல்வது. முற்போக்கு அணியிலிருந்து பிரிந்து 'நற்போக்கு' என்ற கொடியை உயர்த்தியவர் பொன்னுத்துரை. பாலுணர்வே இந்நாவலின் பொருள் எனக் கொண்டு எமது அணியினர் அதனை ஒதுக்கினர். ஆனால், இன்று மீளவாசிக்கும்போது ஒன்று புலனாகிறது. கணவனின் ஆவல் தடைப்படுவதற்குக் காரணம், பிள்ளைகளும் உறவினரும் அடுப்படியும் அந்த மனைவியின் நேரத்தை முற்றாக விழுங்கிவிட்டிருப்பதே. கணவனின் கண்ணோட்டத்தில் அது இடையூறு. வாசகருக்கோ அது வேலைநாளின் பதிவேடு. ஆசிரியர் நோக்காத ஒன்றை நாவல் காட்டிவிடுகிறது.

இவ்வாறு கூறுவது மாக்சியத்துக்குப் புறம்பானதன்று. 1888இல் மார்கரெட் ஹார்க்னஸ் என்னும் நாவலாசிரியைக்கு எழுதிய கடிதத்திலே, முடியாட்சிப் பற்றுடைய பல்சாக் தமது சொந்த வர்க்க அனுதாபங்களுக்கு எதிராகவே உண்மையைக் காட்டிவிட்டார் என எங்கெல்ஸ் வியந்து பாராட்டினார். பல்சாக்குக்கு நாம் அளித்த சலுகையைப் பொன்னுத்துரைக்கு அளிக்கத் தவறியமைக்கு இலக்கியக் காரணம் இல்லை. அணிக் காரணமே உண்டு. அதனால் இழந்தது பொன்னுத்துரை மாத்திரமல்லர். எமது விமர்சனமும் ஒரு சான்றை இழந்தது.

4. மலையகம்: கோட்பாட்டுக்கு ஒரு சோதனை

யாழ்ப்பாணத்துப் பெண் சமூக உற்பத்தியிலிருந்து விலக்கப்பட்டிருந்ததாலேயே அடிமையானாள். அவள் வேலைக்குச் செல்லும்போது விடுதலை தொடங்கும் என ஒரு விடை கூறப்படுவதுண்டு. 1884இல் வெளிவந்த 'குடும்பம், தனிச்சொத்து, அரசு ஆகியவற்றின் தோற்றம்' என்னும் நூலில், பெண்கள் யாவரும் பொது உற்பத்தியிற் சேர்வதே விடுதலையின் முதல் நிபந்தனை என எங்கெல்ஸ் கூறினார். இக்கூற்றைச் சோதித்துப் பார்ப்பதற்கு எமது நாட்டிலேயே ஒரு களம் உண்டு. மலையகத் தோட்டத்துப் பெண் பத்தொன்பதாம் நூற்றாண்டு முதலே பொது உற்பத்தியில் இருப்பவள். இந்நாட்டுக்கு அந்நியச் செலாவணி ஈட்டித்தந்த தேயிலையின் கொழுந்தைக் கிள்ளியவை பெரும்பாலும் அவளது விரல்களே.

அவள் விடுதலை பெற்றாளா? 1984ஆம் ஆண்டுவரை அவளது நாட்சம்பளம் ஆணின் சம்பளத்திலும் குறைவாகவே இருந்தது. அவ்வாண்டிலே சம்பளம் சமமாக்கப்பட்டது, வேலை சமமாக்கப்படவில்லை. விடியுமுன் எழுந்து, சமைத்து, பிள்ளையைப் பிள்ளைக்காம்பராவில் விட்டு, பிரட்டுக்கு ஓடி, மலையேறிக் கொழுந்தெடுத்து, மாலையில் லயன் அறைக்குத் திரும்பி மீண்டும் அடுப்பின் முன் குனியும் அவளுக்கு, பேர் விழுவது கொழுந்துக்கு மாத்திரமே. எடை குறைந்தால் அதுவும் அரைப்பேர்தான். மலையிலே அவளை மேற்பார்வை செய்த கங்காணி ஆண்; அவள் சந்தா கட்டும் சங்கத்தின் தலைவரும் பெரும்பாலும் ஆணே. 1930களிலும் 1940களிலும் கோ. நடேசய்யருடன் சேர்ந்து தோட்டந்தோறும் சென்று, தொழிலாளர் துயரைப் பாட்டாக இயற்றியும் பாடியும் அவர்களைத் திரட்டிய மீனாட்சியம்மாள் போன்றோர் இருந்தும், தொழிற்சங்கத் தலைமையிற் பெண்ணின் இடம் விரியவில்லை. ஆகவே, பொது உற்பத்தியிற் சேர்தல் விடுதலையின் முதல் நிபந்தனையே அன்றி முழு நிபந்தனையன்று என்பதை மலையகம் நிறுவுகிறது. எங்கெல்சும் 'முதல்' என்றே கூறினார். எமது மேடைகளில் அந்தச் சொல் உதிர்ந்துவிட்டது. அதே நூலின் முன்னுரையில், வாழ்க்கைச் சாதனங்களின் உற்பத்தியோடு மனிதரின் உற்பத்தியையும் அவர் ஒருங்குவைத்துப் பேசியதும் மறக்கப்பட்டது.

இம்மறதி எமது புலமைத் துறையின் வகைப்பாடுகளிலேயே படிந்துள்ளது. நாட்டார் பாடல்களைத் தொகுத்தோர் அவற்றைத் தாலாட்டு, ஒப்பாரி, தொழிற்பாடல் எனப் பகுப்பது வழக்கம். கொழுந்தெடுக்கும்போது பாடுவது தொழிற்பாடல். நாற்றுநடும்போதும் வள்ளம் இழுக்கும்போதும் பாடுவன தொழிற்பாடல்கள். நாள் முழுதும் மலையில் நின்றவள், இரவிலே பிள்ளையைத் தூங்கவைக்கப் பாடுவது மாத்திரம் தொழிற்பாடல் அன்று. அது தாய்மையின் வெளிப்பாடு. இவ்வகைப்பாட்டைச் செய்தவர்கள் பிற்போக்காளர் அல்லர். மக்கள் இலக்கியத்தை மதித்துத் தேடிச்சென்றவர்களே அதனை ஏற்றுக்கொண்டனர். நாளைய தொழிலாளியை உணவூட்டி, உறங்கவைத்து, வேலைக்கு ஆயத்தப்படுத்தும் செயல் உழைப்பு எனக் கொள்ளப்படுமாயின், தாலாட்டின் இடம் எதுவென்பதை நாம் மீண்டும் தீர்மானிக்கவேண்டியிருக்கும்.

5. 1986இன் திருப்பம்

சித்திரலேகா மௌனகுருவின் முயற்சியால் யாழ்ப்பாணத்துப் பெண்கள் ஆய்வு வட்டம் 1986இல் வெளியிட்ட 'சொல்லாத சேதிகள்' என்னும் தொகுதி, பத்துப் பெண்களின் கவிதைகளைக் கொண்டது. அளவிற் சிறிய நூல். ஆயினும் ஈழத்துக் கவிதையின் இலக்கணத்தை அது மாற்றியது. இதுவரை செயப்படுபொருளாக நின்றவள் எழுவாயானாள். அ. சங்கரியின் 'அவர்கள் பார்வையில்' என்ற கவிதையை எடுத்துக்கொள்வோம். ஆணின் பார்வை பெண்ணை அங்கங்களாகவும் பணிகளாகவும் பிரித்துவிடுகிறது என்பது அதன் பொருள். தலைப்பிலுள்ள 'அவர்கள்' என்ற சொல்லே இங்கு முக்கியமானது. அது நிலவுடைமையாளனை மாத்திரம் சுட்டவில்லை. தோழருக்கு விதிவிலக்கும் அளிக்கவில்லை. முற்போக்கு வாசகருட் சிலருக்கு இக்கவிதை ஏற்படுத்திய அசௌகரியத்தின் காரணம் இதுவே என்பேன்.

அன்று எழுந்த ஆட்சேபம் நாமறிந்ததே. பெண்கள் தனித்து அணிதிரண்டால் வர்க்கப் போராட்டம் பிளவுறும் என்றனர் ஒருசாரார். தேசிய விடுதலைப் போராட்டம் பலவீனமுறும் என்றனர் மற்றொருசாரார். இரு சாராரும் தம்முள் முரண்பட்டோராயினும், பெண்ணைக் காத்திருக்கச் சொல்வதில் ஒன்றுபட்டனர். காத்திருத்தலின் விலை எத்தகையது என்பதை அடுத்துவந்த ஆண்டுகள் காட்டின. 1984இல் அன்னையர் முன்னணியாக யாழ்ப்பாணத்து வீதியில் இறங்கிய தாய்மார், கைதுசெய்யப்பட்ட தம் பிள்ளைகளுக்காகக் குரல்கொடுத்தனர்; ஆனால், போர் முற்றியபோது வீரத்தாய் என்னும் பழைய படிமமே அவர்களுக்கு மீண்டும் அணிவிக்கப்பட்டது. பெண்கள் ஆயுதம் ஏந்தினர். ஆயுதத்தை எங்கே திருப்புவது என்பதை அவர்கள் தீர்மானித்தனரா என்பது வேறு வினா. பெண்ணிய, மனித உரிமைச் செயற்பாட்டாளரான யாழ். பல்கலைக்கழக விரிவுரையாளர் ரஜனி திராணகம 1989 செப்டெம்பர் 21ஆம் திகதி சுட்டுக்கொல்லப்பட்டார். கவிஞர் செல்வி 1991இல் விடுதலைப் புலிகளாற் கைதுசெய்யப்பட்டுத் திரும்பாமலே போனார். அதே ஆண்டில் சிவரமணி தம்மிடமிருந்த கவிதைகளை எரித்துவிட்டுத் தம்முயிரையும் மாய்த்துக்கொண்டார். பிறரிடம் எஞ்சியிருந்தவையே 1993இல் நூலாயின. போர்க்கால இரவுகள் குழந்தைகளை உரிய பருவத்துக்கு முன்னரே முதிரவைத்துவிடுவதைப் பாடிய அவரது கவிதை, போரினைப் பராமரிப்பவளின் பக்கத்திலிருந்து நோக்குவது. மனிதரை உருவாக்கும் உழைப்பைப் போர் எவ்வாறு அழிக்கிறது என்பதே அதன் பொருள் எனக் கொள்ளலாம்.

இத்தொகுதிக்கும் எல்லைகள் உண்டு. எழுதியவர்கள் பெரும்பாலும் கல்விகற்ற நடுத்தர வர்க்கப் பெண்கள். கூலிக்கு நாற்றுநடும் பெண்ணும் லயத்துப் பெண்ணும் சாதியால் ஒடுக்கப்பட்ட பெண்ணும் அங்கு தமது குரலிற் பேசினர் எனக் கூறமுடியாது. நடுத்தர வர்க்கப் பெண் தனது அடுப்படிச் சுமையை மற்றொரு பெண்ணின் தோளுக்கு மாற்றிவிட்டுக் கவிதை எழுதவும் கூடும். இவ்விமர்சனத்தை நாம் முன்வைக்கவே வேண்டும். ஆனால், ஒரு நிபந்தனை உண்டு: இதே அளவுகோலை நடுத்தர வர்க்க ஆண்களாகிய முற்போக்கு எழுத்தாளர்மீதும் பிரயோகித்தல் வேண்டும். தொழிலாளியைப் பற்றி எழுதிய அவர்களது மேசைக்குத் தேநீர் கொண்டுவந்து வைத்தது யார் என்ற வினா, அற்பமானதும் அன்று; அந்தரங்கமானதும் அன்று. அது உற்பத்தி உறவுகள் பற்றிய வினா.

6. முடிவாக

2009இற் போர் முடிந்தபின் வடக்கிலும் கிழக்கிலும் ஆயிரக்கணக்கான குடும்பங்களைப் பெண்களே தலைமையேற்று நடத்தவேண்டியதாயிற்று. கரைசேர்க்க எவருமில்லாத நிலையில் அவர்களே கரைசேர்ப்போராயினர். நுண்கடன் நிறுவனங்கள் அவர்களைத் தேடிவந்தன. கடன் பத்திரத்தில் இடுவதற்கு அவர்களது கையொப்பம் தனித்தே செல்லுபடியாயிற்று. காணியைக் கைமாற்றக் கணவனின் சம்மதம் கேட்ட சமூகம், கடனைச் சுமத்த எவரது சம்மதமும் கேட்கவில்லை. உரிமையைப் பொறுத்தவரை பெண்ணைச் சார்ந்திருப்பவளாகவும், சுமையைப் பொறுத்தவரை அவளைச் சுதந்திரமானவளாகவும் கொள்வது இச்சமூக அமைப்பின் விதியாகத் தொடர்கிறது.

இந்நிலையில் எமது விமர்சனத்தின் கடமை யாது? ஒரு படைப்பை அணுகும்போது, யாருடைய வர்க்க நலனை அது பிரதிபலிக்கிறது என நாம் வினவுவது வழக்கம். அதனோடு மேலும் மூன்று வினாக்கள் சேர்க்கப்படல் வேண்டும். இக்கதையின் வீட்டைத் தாங்கிநிற்பது எவருடைய உழைப்பு? அவ்வீடு எவர் பெயரில் உளது, எவர் கையில் உளது? இத்துன்பத்தைச் சொல்பவர் எவர்? இவ்வினாக்களைக் கேட்டால், நாம் போற்றிவந்த சில கதைகள் சிறுத்துப்போகலாம். ஒதுக்கிவந்த சில நூல்கள் மீண்டும் மேசைக்கு வரலாம். அதற்கு நாம் அஞ்சவேண்டியதில்லை.

மாணவ நிலையிலே, சீதனக் கொடுமை பற்றிய சிறுகதைகளை வகைப்படுத்தி ஒரு கட்டுரை எழுதினேன். தந்தையரின் பொருளியல் நெருக்கடியை மிக விரிவாக ஆராய்ந்த அக்கட்டுரை பாராட்டையும் பெற்றது. அதிற் பெண்ணின் உழைப்பைப் பற்றி ஒரு வாக்கியமும் இல்லை. அக்கட்டுரையைக் கையெழுத்திற் படியெடுத்துத் தந்தவர் என் தாயார். மேலே குறிப்பிட்ட முதல் வினாவை நான் என்னிடமே கேட்கத் தொடங்கியது அதனை நினைவுகூர்ந்த பின்னரே.